நம்ம வீட்டில் எங்கே அந்தக் கயிறு?

போன ஞாயிறு எங்கள் கம்பெனியில் ஃபேமிலி டே. நான் ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ட்ரெய்னிங் கொடுப்பவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வருஷத்தில் ஒரு நாள் எங்கள் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். பதினொன்றாவது படிக்கிற என் மகள் கயல், "நா வர்லமா, செம போர்" என்றாள். பிரியாணி உண்டு என்றேன். வந்துவிட்டாள்.

விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று சீட்டுகளைப் பூட்டுகிற ஒரு லைனை மட்டும் ஓட்டினார்கள். வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு நீளமாகப் போகும். ஏதாவது தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்தால் மொத்த லைனும் நிற்கும். முதல் நாள் முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதே இதுதான் — பயப்படாமல் இழுங்கள்!

அன்றைக்குப் பார்த்து இழுத்துவிட்டாள் செல்வி. தென்காசிப் பக்கத்துப் பெண், சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மேனேஜர், அவருடைய மனைவி, கும்பலாக விருந்தாளிகள்... அத்தனை பேர் முன்னாலும் லைன் நின்றது. ஓடினேன்.

"சீட்டுக்கு அடியில கிளிப்பு இல்லாத மாதிரி தெரிஞ்சிச்சு மேடம்..."

குனிந்து பார்த்தேன். கிளிப் ஜம்மென்று இருந்தது. செல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

"பரவால்லம்மா. சந்தேகம் வந்தா இழுக்கணும். கரெக்டாதான் பண்ண, தேங்க்ஸ்" என்றேன். லைன் மறுபடி ஓடியது. யாரோ கைதட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் கயல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வாலாஜாபாத்தில் இறங்குகிற வரை பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"மா, அந்தக்கா தப்பாத்தான இழுத்தாங்க? நீ திட்டவே இல்ல?"

"திட்டினா அடுத்த வாட்டி நெஜமாவே தப்பு இருந்தாலும் இழுக்க மாட்டாங்கடி. கம்முனு இருந்துருவாங்க. அது அப்படியே காரோட ரோட்டுக்குப் போயிடும்."

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"நம்ம வூட்ல எங்கமா அந்தக் கயிறு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் எல்லாம் கொட்டியது. ஃபிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் தலையில் ஏறவே இல்லையாம். முதல் டெஸ்ட்டில் இரண்டிலும் ஃபெயில். ராங்க் கார்டில் என் கையெழுத்தை அவளே போட்டுக் கொடுத்துவிட்டாளாம். காமர்ஸுக்கு மாறவேண்டும், குரூப் மாற்ற இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி, அம்மாவோ அப்பாவோ நேரில் வரவேண்டும்...

பயோ-மேத்ஸ் குரூப் எடுக்கச் சொன்னது நான். சொன்னது என்ன, ஃபார்மில் எழுதியதே நான்தான்!

"ஏன்டி..." என்று ஆரம்பித்தேன். இரண்டு சீட் முன்னால் செல்வி, ஹாஸ்டல் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். லைன் நின்றால் 'யார் இழுத்தது' என்று பாயக் கூடாது, 'எங்கே, காட்டு' என்றுதான் கேட்க வேண்டும் — இதையும் வகுப்பில் நான்தானே சொல்லிக்கொடுக்கிறேன்?

"எங்க, காட்டு" என்றேன்.

ராங்க் கார்டை போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஃபிசிக்ஸில் ஒன்பது மார்க். கீழே என் கையெழுத்து, நானே நம்பிவிடுகிற மாதிரி. வலித்தது. மார்க்குக்காக இல்லை. மூன்று வாரம் பழகிய செல்வி என்னை நம்பிக் கயிற்றை இழுக்கிறாள். பதினாறு வருஷம் நான் வளர்த்தவளுக்கு அந்த நம்பிக்கை இல்லையே!

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் புலம்பினேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா நீ வூட்ட ரெண்டாக்கியிருப்ப" என்றார் மனிதர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். கோபம் வந்தது. உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் வந்தது.

பிள்ளைகள் எதையும் சொல்வதில்லை, எல்லாவற்றையும் ஒளிக்கிறார்கள் என்று நாம் அங்கலாய்க்கிறோம். எதைச் சொன்னால் நம் முகம் எப்படி மாறும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். டம்ளர் உடைந்ததற்கு நாம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் ராங்க் கார்டை மறைக்கிறார்கள். அதற்காகக் கண்டிக்கவே கூடாதா? தாராளமாகக் கண்டிக்கலாம். கையெழுத்து போட்டதற்கு ஒரு மாசம் போன் கிடையாது என்று நானும் சொல்லிவிட்டேன். ஆனால் சொன்னவுடன் அந்த முதல் பத்து செகண்ட் இருக்கிறதே... அதில் மட்டும் நாம் பேசாமல் இருந்தால் போதும். முடியுமா? முடியும். நானே இருந்திருக்கிறேன், நம்புங்கள்.

செவ்வாய்க்கிழமை பெர்மிஷன் போட்டு ஸ்கூலுக்குப் போனேன். காமர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கயல் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். "இனிமே எதுன்னாலும் கயிற இழு. திட்ட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் என் அக்கா போன் செய்தாள். டாக்டராகப் போகிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த பெண், எப்படிக் காமர்ஸுக்குப் போனாள்? "பயோ-மேத்ஸ்ல சீட்டு இல்லன்னுட்டாங்கக்கா, அதான்..." என்று சமாளித்துவிட்டு போனை வைத்தேன்.

எதிரே கயல்.

"மா, கயிறு இழுக்கறேன். சீட்டெல்லாம் இருந்துச்சு. நானா கேட்டுத்தான் மாறினேன். பெரியம்மாகிட்ட ஏன் பொய் சொன்ன?"

ஒன்று, இரண்டு, மூன்று... பத்து வரை எண்ணினேன்.

"தேங்க்ஸ்டி. ஆனா... நெஜத்தச் சொன்னா பெரியம்மா திட்டுவாளே!"

"திட்டட்டும்மா. நீ போனப் போடு, நா பக்கத்துலயே நிக்கறேன்."

போட்டேன். அக்கா திட்டினாள்... ஒன்றும் ஆகிவிடவில்லை!