என் மனைவி இலையை மடித்த விதம்

எழுபதுகளில் ஆவடியில், எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் இருந்தது ஒரே ஒரு சாப்பாட்டு ஹோட்டல்தான். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் போவோம். ஊசிப்போன சாம்பார்தான் கிடைக்கும். முனகிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வருவோம்.

ஒருநாள் என் மனைவி முனகவில்லை. துக்க வீட்டில் மடிப்பதுபோல் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தாள். கல்லாவிலிருந்த முதலாளி பதறி ஓடிவந்தார்.

“இன்னாம்மா இது, சாவு ஊடா?”

“சாம்பார் செத்து ரெண்டு நாளாவுது, அண்ணாத்தே. மோந்து பாருங்க.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பக்கத்து இலைகளும் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் மடிந்தன. முதலாளி சாம்பார் வாளியை மோந்து பார்த்தார். அப்படியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார்.

அதன்பிறகு அவள் சாப்பிட்டு முடிக்கும்போதெல்லாம், அவர் கல்லாவை விட்டு எழுந்து அவள் கையையே பார்ப்பார். நான் மீசையைத் தடவிக்கொள்வேன். அவள் புருஷனாயிற்றே!