கடைசிக் கோச்சியில் ஓர் ஓம்

ரெய்னர்ஸ் லேனில் கிறிஸ்துராஜாவைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி இரண்டு விசயங்கள் தெரியும். ஒன்று, அவர் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மற்றது, அவரைக் கலியாணம் செய்ய பியற்றிஸ் சம்மதித்தது ஓர் இசைத்தட்டில் பதிவாகியிருக்கிறது. முதலாவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இரண்டாவதை ஒருவரும் கேட்காமலே அவர் சொல்லிவிடுவார். ஞானஸ்நான விருந்தோ, ஐம்பதாவது பிறந்தநாளோ, முப்பத்தோராம் நாள் பூசைச் சாப்பாடோ, கையில் கோப்பை வந்தால் கதையும் வந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நான்கு பெடியள் வட லண்டன் எட்மண்டனில் ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். பெயர் 'நோர்த் சேர்குலர் றைடர்ஸ்'. அவர்களில் ஒருவரும் குதிரையைத் தொட்டதுகூட இல்லை. நோர்த் சேர்குலர் வீதியிலும் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் வானொலியில் கேட்டு வளர்ந்த அமெரிக்க மாட்டுக்காரப் பாட்டுகளின் சாயலில் தாங்களே மெட்டமைத்து, ட்ரம்ஸும் மின் கிட்டாரும் சேர்த்து, தமிழில் பாடினார்கள். அதற்குக் கன்ட்ரி ரொக் என்று பெயர் இருப்பதையே பிறகுதான் அறிந்தார்கள். தமிழ்ச் சனம் இது வெள்ளைக்காரப் பாட்டு என்றது. வெள்ளைக்காரர் இது என்ன பாஷை என்றார்கள். ஒரேயொரு தட்டு வெளியிட்டு, அதில் முக்கால்வாசியைச் சொந்தக்காரருக்குக் கலியாணப் பரிசாகக் கொடுத்து முடித்ததும் குழு கலைந்தது. இருவர் இப்போது உயிரோடு இல்லை. மிஞ்சியவர்கள், ஸ்டீல் கிட்டாரை மடியில் கிடத்தி வாசித்துக்கொண்டே பாடிய கிறிஸ்துராஜாவும் ட்ரம்ஸ் அடித்த றொமேஷும்.

றொமேஷின் தங்கைதான் பியற்றிஸ். 'கடைசிக் கோச்சி', அதாவது கடைசி ரயில், என்ற பாட்டைப் பதிவுசெய்த அன்று தமையனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர். அந்தப் பாட்டில் ரயில் நிலையத்தில் நிற்கும் ஒருவன், "என்னோடை வருவியோ?" என்று கேட்கிறான். கிட்டார் ஒரு தடவை இழைந்து ஓய்கிறது. அந்த இடைவெளியில் அறையின் மூலையிலிருந்து ஒரு பெண்குரல் தெளிவாகச் சொல்கிறது: "ஓம்."

"மச்சான், உன்ரை தங்கச்சி மைக்கிலையே ஓம் எண்டு சொல்லிப்போட்டா" என்று கிறிஸ்துராஜா மறுநாளே றொமேஷிடம் போய் நின்றார். றொமேஷ் பதிவைப் போட்டுக் கேட்டார். மறுக்கமுடியாது, ஓம் என்றுதான் இருந்தது. அதுவரை சிநேகிதத்துக்காக மச்சான் என்று கூப்பிட்டவர்கள் அதன் பிறகு முறைப்படியும் கூப்பிட்டுக்கொண்டார்கள். நாற்பது வருடம் போய்விட்டது. கிறிஸ்துராஜா இந்தக் கதையைத் தொடங்கினால் பியற்றிஸுக்குக் குசினியில் ஏதாவது வேலை வந்துவிடும். வெட்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

போன வசந்தத்தில் ஒலிவர் என்ற வெள்ளைக்காரப் பெடியன் தேடிவந்தான். பழைய தட்டுகளைத் தோண்டியெடுத்து மறுபடி வெளியிடுவது அவன் தொழில். ஹரோவில் பழைய சாமான் விற்கும் ஒரு தர்மக் கடையில், கிறிஸ்மஸ் பாட்டுகளுக்கு இடையில், றைடர்ஸின் தட்டு கிடைத்திருக்கிறது. முக்கியமாக அந்த ஓம் அவனைப் பிடித்துவிட்டது. கௌபாய் இசைக்குள் கீழைத்தேய மந்திரத்தைக் கொண்டுவந்த முதல் குழு நீங்கள்தான் என்றான்.

"நாங்கள் கத்தோலிக்கர்" என்றார் கிறிஸ்துராஜா. "எங்கடை ஊரிலை ஓம் எண்டால் யெஸ்."

ஒலிவரின் முகம் வாடியது. ஆனால் அவன் எல்லாப் பாட்டுக்காரர்களையும் பொறுமையாகக் கேட்டுப் பழகியவன். கிறிஸ்துராஜா கலியாணக் கதையைச் சொல்லி முடித்ததும் மந்திரத்தைவிட இது நன்றாக இருக்கிறது என்றான். புதுத் தட்டின் உறையிலேயே இதைப் போடலாம் என்றான். கிறிஸ்துராஜாவுக்கு அன்று முழுக்கக் கால் நிலத்தில் படவில்லை.

பிறகு ஒலிவர் மூலநாடாவைக் கண்டுபிடித்தான். அதுதான் வினையாய்ப் போயிற்று. அந்த நாடாவில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. அன்றைக்குப் பாட்டைக் கலக்கும்போது, றொமேஷின் ட்ரம்ஸ் மைக்கின் சத்தத்தை அந்த இடைவெளியில் மூடிவிட்டிருக்கிறார்கள். ஒலிவர் அதைத் திறந்து, கிறிஸ்துராஜாவின் காதில் ஹெட்போனை மாட்டினான்.

"என்னோடை வருவியோ?" என்றது அவருடைய இளவயதுக் குரல். கிட்டார் இழைந்தது. அதன் அடியில் றொமேஷின் குசுகுசுப்பு கேட்டது: "புட்டு கொண்டந்தனியோ?"

"ஓம்" என்றார் பியற்றிஸ்.

"உங்கள் நண்பர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டான் ஒலிவர்.

"தாளம் எண்ணுறார்" என்றார் கிறிஸ்துராஜா.

அவர் எட்மண்டனுக்குப் போய் றொமேஷை விசாரித்தார். றொமேஷுக்கு ஒன்றும் நினைவில்லை. "பசியிலை கேட்டிருப்பன்" என்றார். சற்று யோசித்து, "புட்டு நல்லாத்தான் இருந்தது" என்றும் சேர்த்துக்கொண்டார். தங்கையிடம் சம்மதமா என்று யாராவது கேட்டார்களா என்றதற்கு, "அதுதான் அவள் மைக்கிலை சொல்லிப்போட்டாளே, பிறகேன் கேப்பான்" என்றார்.

கிறிஸ்துராஜாவுக்குப் பயம் வந்தது. பிள்ளைகள் இரண்டு, பேரப்பிள்ளை ஒன்று, வெள்ளி விழாப் பூசையும் முடிந்த பிறகு, மனுசி தன்னைக் கட்டச் சம்மதித்தாரா என்பதே அவருக்குத் தெரியாமற் போயிற்று. கதையை நிறுத்திவிட்டார். ஒரு பிறந்தநாள் விருந்தில் கையில் கோப்பையோடு அவர் வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்து, இரண்டு பேர் டொக்டரிடம் போகச் சொன்னார்கள்.

கடைசியில் ஒருநாள் குசினிக்குப் போனார். பியற்றிஸ் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜா ஒலிவர் அனுப்பிய பதிவை போனில் போட்டு மேசையில் வைத்தார். வருவியோ வந்தது, புட்டு வந்தது, ஓம் வந்தது.

"அண்ணை கேட்டதுக்குத்தான் சொன்னனான்" என்றார் பியற்றிஸ். கத்தி நிற்கவில்லை.

"உமக்குத் தெரியுமோ?"

"நான் சொன்னது எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சீங்கள். என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லையே."

"பாட்டிலை கேட்டனான்தானே" என்றார் கிறிஸ்துராஜா. அது அவர் காதுக்கே நன்றாக இருக்கவில்லை.

பியற்றிஸ் இப்போதுதான் கத்தியை வைத்தார். "பாட்டிலை 'வருவியோ' எண்டெல்லோ கிடக்கு. நீங்கள் எப்பவாவது என்னை நீ எண்டு கதைச்சிருக்கிறீங்களோ? கண்ட நாளிலை இருந்து நீர், வாரும், இரும். அது வேறை ஆருக்கோ எழுதின பாட்டு. அதுக்கு நான் ஏன் பதில் சொல்லவேணும்?"

நீ என்று கதைத்ததில்லை, அது உண்மைதான். அந்த வரியை அவர் ஒருத்தருக்காகவும் எழுதவில்லை, மெட்டுக்குப் பொருந்தியது, போட்டார். அதைச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று விளங்கியது. அங்கேயே, அப்போதே அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருவரும் லீக்ஸ் வறையோடு சோறு சாப்பிட்டார்கள்.

புதுத் தட்டு வெளிவந்தபோது, வெம்பிளியில் ஒரு தேவாலயப் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமை மத்தியானம் ஒலிவர் விழா வைத்தான். தாடி வைத்த வெள்ளைக்காரப் பெடியள் நிறைந்திருந்தார்கள். பின்வரிசையில் எல்லோருடைய கோட்டுகளுக்கும் காவலாக பியற்றிஸ் உட்கார்ந்திருந்தார். றொமேஷ் ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்து, இடுப்பு நோகுதென்று மைக்கிலேயே சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

'கடைசிக் கோச்சி' வந்தது. அந்த வரி நெருங்க நெருங்க கிறிஸ்துராஜாவின் கையிலிருந்த இரும்புத் துண்டு கிட்டார்க் கம்பியில் வழுக்கியது. அவர் பின்வரிசையைப் பார்த்துப் பாடினார்:

"என்னோடை வருவீரோ?"

ஓர் அசை கூடியதில் தாளம் பிசகிவிட்டது. "டேய், என்னடா செய்யிறாய்" என்றார் றொமேஷ். கிட்டார் இழைந்து ஓய்ந்தது. இடைவெளி வந்தது. தாடிக்காரர்கள் அத்தனை பேரும் கைகூப்பி, கண்மூடி, நீட்டி முழக்கி ஓம் என்றார்கள். மந்திரக் கதையை ஒலிவர் அவர்களிடம் முழுசாகத் திருத்தவில்லை போலும். அவ்வளவு சத்தத்துக்குள் பியற்றிஸ் வாயைத் திறந்தாரா என்றே கிறிஸ்துராஜாவுக்குத் தெரியவில்லை. மிச்சப் பாட்டை அவர் எப்படிப் பாடினார் என்பது அவருக்கே நினைவில்லை. நல்லாயிருந்தது என்றான் ஒலிவர்.

திரும்பும்போது பஸ் தரிப்பிடத்தில் அவரும் பியற்றிஸும் நின்றார்கள். காலுக்கிடையில் கிட்டார்ப் பெட்டி. பஸ் பிந்தியது. சாரதிகள் இப்போது முந்தியைப் போல இல்லை என்று கிறிஸ்துராஜா வழக்கமாகச் சொல்லுவார். அன்றைக்கு அதையும் சொல்லவில்லை.

"ஓம்" என்றார் பியற்றிஸ், வீதியைப் பார்த்தபடி.

கிறிஸ்துராஜா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை. றொமேஷ் எட்மண்டன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டிருந்தார். பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை. ஒருமுறை பட்ட மனுசன், இந்தமுறை சரிபார்க்காமல் விடுவதாக இல்லை.

"எதுக்குச் சொல்லுறீர்?"

"புட்டுக்கில்லை" என்றார் பியற்றிஸ்.