திறப்பை நம்பாத கார்

இந்த நாட்டில் காருக்கும் சந்தேகம் இருக்கிறது. என் சொல்லில் நம்பிக்கை இல்லாவிட்டால், கனடாவுக்கு வந்து என் மகள் ராணியின் பழைய காரில் ஏறிப் பாருங்கள். சரியான திறப்பை, அதுதான் சாவியை, போட்டுத் திருப்பினாலும் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும், கார் அசையாது. கள்ளனுக்காக வைத்த பூட்டாம். கள்ளன் இந்தப் பக்கமே வரவில்லை. மறிபடுவது நாங்கள்தான்.

அன்று பத்து மணிக்கு என் அகதி வழக்கு. நேரத்துக்குப் போகாவிட்டால் வழக்கை மூடிவிடுவார்கள் என்று கடிதத்தில் இருந்தது. ஒன்பது மணிக்கு விளக்கு மினுங்கத் தொடங்கியது. ராணி திறப்பைத் துடைத்தாள், மற்றத் திறப்பைப் போட்டாள், பற்றரி வயரை இறுக்கினாள். கடைசியில் கராச்சில் வேலை செய்யும் எதிர்வீட்டு வெள்ளைக்காரரைக் கூட்டி வந்தாள். அவர் குனிந்து பார்த்துச் சொன்னதில் எனக்கு விளங்கியது ஒரே சொல்: பாஸ். சண்டைக்காலத்தில் வவுனியாவைத் தாண்ட ஆமி தந்த பாஸ் கைப்பையில் இருந்தது; அதை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"அம்மா, அதை உள்ளுக்கு வையுங்கோ. திறப்பு பாஸாகேல்லை எண்டுதான் சொல்லுறார். திறப்பைத் திருப்பி வைச்சுக்கொண்டு பத்து நிமிசம் இருக்கட்டாம். விளக்கு நூர்ந்த பிறகு ஸ்ராட் பண்ணட்டாம்."

"பத்து நிமிசமோ? ஆர் சொன்னது, காரோ, வவுனியாப் பாஸ் கந்தோரோ?"

எங்கள் ஊர் தர்மபுரத்தில் என் மனுசன் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் காருக்குத் திறப்பே கிடையாது. இரண்டு வயரைத் தொடுத்தால் சரி. ஆமி பெற்றோல் வரவிடாத சண்டைக்காலம், மண்ணெண்ணெயில்தான் ஓட்டம். ஷம்பூப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் நான் விட, அவர் ஸ்ராட் பண்ணுவார். அவர் இல்லாத நேரத்தில் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி என்றால் அயலார் தாங்களே எடுத்துப் போவார்கள். கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கார் ஒருவரையும் நீ யார் என்று கேட்டதில்லை.

பிறகு அவருக்கு இருதய வருத்தம் வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோகப் பாஸ் வேண்டும். வவுனியா முகாமில் அவரைப் படுக்க வைத்துவிட்டுக் பாஸ் கொடுக்கும் கந்தோர் வாசலில் நின்றேன். பத்து நிமிசம் இருக்கச் சொன்னார்கள். பின்னேரம் நாளைக்கு வரச் சொன்னார்கள். எங்கள் இருவர் பெயரும் எழுதிய பாஸ் கைக்கு வந்தபோது, அவருடைய முப்பத்தொன்றாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

ஒருவழியாக விளக்கு நூர்ந்து இருண்டது. கார் உறுமியது. வெள்ளைக்காரர் சிரித்தார்.

"இப்ப எங்களைத் தெரியுமாம், அம்மா."

"பெரிய உபகாரம். ஓடு."

வழக்குக் கந்தோரை அடைந்தபோது பத்துக்கு ஐந்து நிமிடம். வாசலில் ஆட்களை இறக்க மட்டும்தான் விடுவார்கள்.

"எஞ்சினை நிப்பாட்டினால் திரும்ப ஸ்ராட் வராது, அம்மா. காரை இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். நீங்கள் தனியப் போவியளோ?"

"உன்ர கார் மாதிரி நினைச்சியோ என்னை?"

உள்ளே அதிகாரி கேட்டதை ஒரு பெண் தமிழில் சொன்னாள். "நீங்கள்தான் இந்த ஆள் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

பாஸை மேசையில் வைத்தேன். அதில் இருந்த இரண்டாவது பெயரில் அதிகாரி விரலை வைத்தார். மற்றவர் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பத்து நிமிசம் இருக்கச் சொன்னவை, பிள்ளை. அவர் அங்கயே இருக்கிறார்."

அவள் அதை அதிகாரிக்கு எப்படிச் சொன்னாளோ, தெரியாது. முடிவு சொல்லும்வரை என்னை வெளியே பத்து நிமிடம் இருக்கச் சொன்னார்கள்.

நான் கதிரையில் இருக்கவில்லை. ஜன்னலருகே நின்றேன். கீழே தெருவோரத்தில் ராணி எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்த கார் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் மணக்குமோ என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன்.