இரண்டும் நேரான கால்கள்

என் தம்பி பெண்டாட்டி அசிமினாவைப் போல் பிடிவாதக்காரி எங்கள் கரையில் கிடையாது. தம்பி லெஃப்தேரிஸ் வேலை பார்த்த சரக்குக் கப்பல் முழுகிச் சில வாரங்கள் கழித்து, எங்கள் மணலிலேயே ஓர் உடல் ஒதுங்கியது. முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஆனால் உடம்பில் அவள் பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிச் சட்டை இருந்தது. "இவர்தான்" என்று விழுந்து அழுதாள்.

கடல் கொண்டுபோனவர்களை நாங்கள் ஊர் மயானத்தில் வைப்பதில்லை. எதிரே இருக்கும் திட்டில், புனித நிக்கோலாஸ் கோயில் சுவரை ஒட்டித்தான் புதைப்போம். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஊரே அங்கே ஒளிந்த காலத்திலிருந்து அப்படித்தான். சில வருடம் போனால் தோண்டி, எலும்பைத் திராட்சை மதுவில் கழுவி, பெட்டியில் போட்டுக் கோயிலுக்குள் வைப்போம்.

அதுவரை அசிமினா துக்கத்துக்கு உடுத்திய கறுப்பைக் களையவில்லை. பெண் கேட்டு வந்த மீன்காரன் யானிசுக்கும் பதில் சொல்லவில்லை. நல்ல மனுஷன், எனக்கே சம்மதம்தான்.

"முதல்ல அவரைக் கழுவி வச்சுடறேன் அண்ணி. அப்புறம் கேளுங்க" என்பாள்.

போன மே மாதம் படகில் போனோம். புதைகுழி வெட்டுகிற பந்தெலிஸ் தோண்டினான், பாதிரியார் ஜெபம் சொன்னார். அசிமினா மண்டையோட்டை எடுத்து முத்தமிட்டு வெள்ளைத் துணியில் வைத்தாள். கால் எலும்புகளை நான் வாங்கினேன். தடவினேன். மறுபடி தடவினேன்.

"பந்தெலிஸ், இன்னொரு கால் எங்கடா?"

"ரெண்டையும் குடுத்துட்டேனே அக்கா. மூணாவதுக்கு நான் எங்க போறது?"

என் தம்பி சின்ன வயதில் இதே கோயிலில் மணி தொங்கும் வளைவில் ஏறி விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஆட்டுக்காரர் ஒருவர் கோணலாகக் கட்டிவிட்டார். சாகும்வரை நொண்டினான். என் கையில் இருந்த இரண்டு எலும்பும் குச்சி மாதிரி நேராக இருந்தன.

பாதிரியார் பார்த்துவிட்டார். "பெட்டியில பேரு எழுதியாச்சு. அப்படியே மூடிடலாம்மா" என்றார் மெதுவாக.

அசிமினா எலும்பை என்னிடமிருந்து பிடுங்கித் தடவிப் பார்த்தாள். எழுந்து கடலைப் பார்த்துக் கத்தினாள்.

"பாவி! ராத்திரி பகலா உனக்குப் பின்னினேனே! எவன் குளிருதுன்னு சொன்னான்னு கழட்டிக் குடுத்த?"

கொடுத்துத்தான் இருப்பான். அவன் புத்தி எனக்குத் தெரியாதா? அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

வெகுநேரம் கழித்து மண்ணில் உட்கார்ந்தாள்.

"மதுவை ஊத்துங்க அண்ணி. எவ பெத்த பிள்ளையோ, இத்தனை வருஷம் என் ஒப்பாரியக் கேட்டுக் கிடந்திருக்கு."

ஒவ்வொரு எலும்பாகக் கழுவினாள். பெட்டியில் இருந்த பெயரை மதுவாலேயே தேய்த்து அழித்தாள்.

யானிஸ் இப்போது வருவதில்லை. அசிமினா இன்னும் கறுப்பில்தான் இருக்கிறாள். இறந்தவர்களுக்குப் படைக்கும் சனிக்கிழமையன்று, கோதுமையை அவித்து இரண்டு தட்டில் எடுத்துக்கொண்டு படகேறுகிறாள். ஒன்றைப் பெட்டி முன்னால் வைக்கிறாள். இன்னொன்றைக் கடலில் கொட்டுகிறாள்.