பதிமூன்றாம் எண் டப்பா

அக்கா இறந்துபோய் இருபது நாளாகிறது. பேருந்துப் பணிமனையில் டப்பாக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். அறுபது ஓட்டுநர்களின் மலத்தை ஆளுக்கொரு எண் ஒட்டிய சின்ன டப்பாக்களில் வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலை. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

நம் குடலில் வாழும் கிருமிகளில் சில, இறைச்சியும் முட்டையும் செரிக்கும்போது இரத்தக்குழாய்க்கு ஆகாத பொருள் உண்டாக வழிசெய்கின்றன. வேறு சில, கீரையையும் பருப்பையும் நொதிக்கவைத்து இரத்த அழுத்தம் தணிய உதவுகின்றன. நாளெல்லாம் உட்கார்ந்தே வண்டி ஓட்டுகிறவர்களிடம் எந்த வகை அதிகம் என்று பார்ப்பதுதான் ஆய்வு.

ஒருநாள் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார்.

"பன்னெண்டும் பதிமூணும் அச்சு அசலா ஒண்ணா வந்திருக்கு. ஒரு ஆளோடதையே ரெண்டு டப்பாவுல போட்டுட்டீங்க. இனிமே உங்களை எப்படி அனுப்புறது?"

"பதினோரு வருஷத்துல ஒரு சீட்டுகூட மாத்தி ஒட்டினதில்ல மேடம். ஒரு நாள் டைம் குடுங்க."

மறுநாள் காலை ஓட்டுநர்கள் ஓய்வறைக்குப் போனாள். பதிமூன்றாம் எண்காரர் பெரிய மீசைக்காரர்.

"ஏண்ணே, நீங்களும் பன்னெண்டாம் நம்பரும் ஒரே குடலை வச்சா காலம் தள்றீங்க? ரெட்டைப் பிள்ளைங்களுக்கே கிருமி இப்படி ஒத்துப்போகாது."

அறையே சிரித்தது. மீசைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அன்னைக்கு எனக்கு வரவே இல்லம்மா. நீ வாசல்லயே நிக்கிற. வெறும் டப்பாவ எப்படி நீட்டுறது? அவன்கிட்ட பாதி வாங்கிட்டேன்."

"சிநேகிதனுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றார் பன்னிரண்டாம் எண்காரர்.

"உங்க சிநேகிதத்துல என் வேலை போயிருக்கும்! ரெண்டு பேரும் டாக்டரம்மாகிட்ட வந்து சொல்லுங்க. நாளைக்குச் சொந்தச் சரக்கு வரணும்."

வந்து சொன்னார்கள். டாக்டரம்மா எழுந்து நின்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். கையோடு மீசைக்காரரின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள், எகிறிக் கிடந்தது. அன்றே மருந்து தொடங்கியது.

மறுநாள் மீசைக்காரரின் டப்பாவோடு அக்கா பணிமனை வாசலைத் தாண்டியபோது, நின்றிருந்த பேருந்துகள் எல்லாம் ஹாரன் அடித்தனவாம். வீட்டுக்கு வந்ததும், கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"அறுபதும் அறுபது வயித்துலேருந்து வந்ததுடா தம்பி!"