தெருமுனையோடு நாங்கள் திரும்பவில்லை

போன வருடம் ஆடி மாதம், மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் எங்கள் பாக்ஸிங் மாஸ்டர் இறந்துபோனார். செய்தி வந்தபோது நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் இருந்தேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினேன். என்னைப் போல அவரிடம் கற்றுக்கொண்ட பெண்கள் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள்.

கடற்கரை மணலில்தான் மாஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. செங்கல்பட்டு மைதானத்தில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று குத்துச்சண்டைச் சங்கத் தலைவர் துரத்திவிட்டார். "பொட்டப் புள்ளைக்கு மூக்கு ஒடஞ்சா எவன் கட்டிக்குவான்?" என்று எங்கள் எதிரிலேயே கேட்டுச் சிரித்தவர் அவர்.

அதே மனிதர் சாவு வீட்டுக்கு ஆளுயர மாலையோடு வந்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று போட்ட மாலையை எடுத்து மறுபடி போட்டார். பிறகு மைக்கைப் பிடித்து, பெண் குலத்துக்கே வழிகாட்டி என்று மாஸ்டரைப் புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவரை அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை.

பாடை கிளம்பியது. எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். அங்கே அழுதுவிட்டுத் திரும்பி வந்து வீட்டைக் கழுவ வேண்டும். மாஸ்டருக்குப் பிள்ளை இல்லை, நாங்கள் தூக்குகிறோம் என்று தெருமுனையில் முன்னால் போனோம். தலைவர் கையை நீட்டி மறித்தார்.

"இன்னாம்மா இது? பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதா? சாங்கியம் தெரியாதா?"

மாஸ்டரிடம் மைதானத்தில் பயிற்சி எடுத்த ஆண்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். பின்னால் அழுதுகொண்டு வந்த மாஸ்டரின் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவரு ஆஸ்பத்திரில கெடந்தப்போ மாத்தி மாத்தி கூட இருந்தது இதுங்கதான். பீ, மூத்திரம் அள்ளுனதும் இதுங்கதான். அப்போ எந்தச் சாங்கியமும் வர்ல. வழிய வுடுய்யா."

தலைவர் ஒதுங்கினார். நாங்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தோம். கொள்ளி வைத்து முடியும்வரை அங்கேயே நின்றோம்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நாங்கள் பாடை சுமக்கிறோம், முன்னால் தலைவர் நடக்கிறார். பழைய வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்கு உரிமை வாங்கித் தந்த தலைவர் என்று கீழே எழுதியிருந்தது. ஊரே அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தது. "மறிச்சதே நீங்கதானே சார்" என்று எங்களில் ஒருத்தி எழுதினாள். உடனே அவளைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கோபத்தோடு ரிங்கில் ஏறினால் தோற்றுப்போவாய் என்று மாஸ்டர் சொல்வார். அவர் பேச்சை நான் தட்டியதில்லை. ஆனால் வருடா வருடம் அவருக்குத் திதி கொடுக்க எனக்கு உரிமை கிடையாது என்கிறார்கள். இந்தக் கோபத்தையாவது ஆறவிடாமல் அவருக்காக வைத்திருக்கிறேன்.