பொல்லடி வட்டத்தில் ஒரு பயந்தாங்கொள்ளி

என் வலக்கை விரல் மூட்டில் ஒரு நாவற்பழம் பழுத்திருக்கிறது. அதைப் பெருமையோடு தடவித் தடவித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நண்பர் ரசீக்கின் மகனுக்குக் கிண்ணியாவில் கலியாணம். நான், மனைவி, எங்கள் வான் வண்டிச் சாரதி நேசன் — மூவரும் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தோம். முழங்கால் வரை கடலில் நனைவது, பொரித்த மீன் தின்பது... இவ்வளவுதான் என் திட்டம்.

முதல்நாள் பின்னேரம் ரசீக் கூப்பிட்டார். "பொல்லடி பழக்கிறாங்க மச்சான். சும்மா வந்து பாருங்க."

ஆண்கள் வட்டமாக நின்று, ஆளுக்கு இரண்டு பொல்லு, அதாவது குட்டைக் கம்பு, பிடித்து, பாட்டுக்குச் சுழன்றபடி முன்னவர் பொல்லிலும் பின்னவர் பொல்லிலும் மாறி மாறி அடிக்கும் ஆட்டம். பார்க்க அழகு. பார்க்க மட்டும்!

மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆட வேண்டியவர்களில் சலீம் என்பவர் படகு எஞ்சின் பழுதாகி மூதூரில் நிற்கிறாராம். நாளைக்கும் வருவாரோ தெரியாது. வட்டத்தில் இப்போது ஒற்றை ஆள் மிச்சம். சோடி இல்லாதவன் யாருடைய பொல்லில் அடிப்பான்? ஒருவர் விலக வேண்டும். எல்லோர் கண்ணும், அடிக்கடி அடி பிழைக்கும் ரசீக் மேல் விழுந்தது. ரசீக்கின் கண் என் மேல் விழுந்தது.

"என்ட மகன்ட கலியாணத்துல நான் ஆடாம நிக்கிறதா மச்சான்? நீங்களும் சேந்தா சோடி சரியாயிரும்."

"எனக்கு ஏலாது! இடுப்பு நோ... கண்ணாடி வேற..."

"கண்ணாடியக் கழட்டுங்க சேர்" என்றார் அண்ணாவியார். பாட்டுப் பாடி ஆட்டத்தை நடத்துபவர். சிரிக்கவே மாட்டார்.

"கழட்டினா பொல்லுத் தெரியாதே!"

"தெரிஞ்சாத்தானே பயப்படுவீங்க."

அவ்வளவுதான். வட்டத்துக்குள் நான்!

எல்லோரும் வலப்பக்கம் திரும்ப, நான் இடப்பக்கம் திரும்பி, எதிரே வந்த பேக்கரி முதலாளியின் வயிற்றில் மோதி நின்றேன். "என்னப்பா, அவரைக் கொஞ்சப் போறியளோ?" — போனில் படம் எடுத்தபடி மனைவி. மிக்சர் பையோடு நின்று எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் நேசன்.

அடுத்த சுற்றில் பொல்லு வந்தது. கண்ணை மூடினேன். கையை இழுத்தேன். டொக்!

"ஐயோ! விரலில அடிச்சிட்டீங்களே!"

"நான் பொல்லுக்குத்தான் அடிச்சன்" என்றார் முதலாளி. "நீங்கதான் பொல்ல எடுத்துட்டு விரல வெச்சீங்க."

அண்ணாவியார் தாளத்தை நிறுத்தினார். "சேர், கைய இழுத்தாத்தான் அடி விழும். பொல்ல நேர குடுங்க."

யோசித்துப் பார்த்தேன். பல் வைத்தியரிடம் நான் பட்ட பாடெல்லாம் தலையை இழுத்ததால் வந்ததுதானே? பயம் நம்மைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, சரியாக அடி விழும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது!

பல்லைக் கடித்தேன். கண்ணைத் திறந்தேன். பொல்லை நீட்டினேன். டக்!

அடடா... அந்தச் சத்தம்! திரும்பினேன், டக். குனிந்தேன், டக். பாட்டு வேகமெடுக்க, வட்டமே ஒரு சக்கரமாகச் சுழல, அதில் நானும் ஒரு ஆரக்கால்! பாட்டு முடிந்தபோது எனக்கு மட்டும் நிற்கத் தெரியவில்லை. அறைக்குத் திரும்பியும் இரண்டு பல் பிரஷ்களோடு ஆடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஊர்வலம் புறப்படும் நேரம், வேர்க்க விறுவிறுக்க ஒருவர் ஓடிவந்தார்.

சலீம்!

மறுபடியும் ஒற்றை. ரசீக்கின் முகம் விழுந்தது. என் முகம் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. நேற்றுத் தப்பியோட வழி தேடியவன், இன்று ஒட்டிக்கொள்ள வழி தேடுகிறேன்! நான் விலகினால் ரசீக் ஆடலாம். நியாயம் அதுதான். ஆனால் கை பொல்லை விட்டால்தானே?

சுற்றிப் பார்த்தேன். வான் கதவில் சாய்ந்து, மிக்சரோடு நேசன்.

"ஐயோ, எனக்கு ஏலாது ஐயா! நான் ஸ்டியரிங் பிடிக்க வேணும்!"

"பயப்பிடாதேயும் நேசன். கையை இழுத்தாத்தான் அடி விழும்" என்றேன், பொல்லோடு பிறந்தவன்போல. சிரிக்கவேயில்லை.

ஆடினோம். ரசீக் இரண்டு தடவை அடி பிழைத்தார். மாப்பிள்ளை வாப்பாவையே பார்த்துச் சிரித்தபடி நடந்தான். அந்தச் சிரிப்புக்கு எத்தனை நாவற்பழமும் பழுக்கலாம்.

யாழ்ப்பாணம் திரும்பத்தான் ஒருநாள் பிந்திவிட்டது... நேசன் கையை இழுத்துவிட்டார்.